வாசலுக்கு வந்த எட்டு

போக்குவரத்து அலுவலக மைதானத்தில் பிளேவியா எட்டுப் போடத் தவறிய மறுநாள், விடிந்து பார்த்தபோது அந்த எட்டு அவள் வீட்டு வாசலில் வந்து கிடந்தது. சுண்ணாம்புக் கோடு, இரண்டு வளையம், வளையங்கள் முட்டிக்கொள்ளும் நடு இடத்தில் அவள் செருப்புக்கால் ஊன்றிய தடம், எல்லாம் பிசிறு குறையாமல் அப்படியே. பனிமாதா காலனி மூன்றாம் தெரு என்பது இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு. மைதானத்து எட்டோ ஒரு கல்யாணப் பந்தலை உள்ளே வைத்துக்கொள்ளும் அகலம். தெரு அகலவில்லை, வீடுகள் நகரவில்லை, எட்டும் சுருங்கவில்லை. எப்படி அடங்கியது என்று பிற்பாடு வேறு தெருக்காரர்கள் கேட்டபோது, பெருநாளைக்கு எல்லா வீட்டிலும் சனம் அடங்கவில்லையா, அப்படித்தான் என்று பதில் வந்தது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு செலின் மைனி. வாசல் தெளிக்க வந்தவள் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்று, "ஏட்டி பிளேவியா, உன் சாமான் வெளிய கிடக்கு பாரு" என்று கூப்பிட்டாள்.

பிளேவியா கதவை முழுதாகத் திறக்காமல், சங்கிலி போட்ட இடுக்கு வழியாகப் பார்த்தாள். கொஞ்ச காலமாகவே அவள் எதையும் அப்படித்தான் பார்த்தாள். அவள் புருஷன் கிளிட்டஸ் சரக்குக் கப்பலில் ஏறிப் போனபின் வந்த முதல் கச்சான் காற்றில், உப்பளத்துப் பொடி வீட்டுக்குள் புகுந்து, கைப்பிள்ளை ஜோவிட்டாவின் நெஞ்சில் விசில் கேட்டது. இந்தா வாரேன் என்ற ஆட்டோ வரவில்லை. கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்வண்டி ஒன்றை நடுரோட்டில் மறித்து ஏறி ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று டாக்டரம்மா பாதியில் விட்ட வாக்கியத்தைப் பிளேவியா தினமும் தனக்குள் முடித்துப் பார்த்தாள். அதிலிருந்து அவளுக்குக் காற்றின் மேல் சந்தேகம், பாலின் மேல் சந்தேகம், வாரேன் என்று சொல்லும் எல்லா வாயின் மேலும் சந்தேகம். யாரையும் நம்ப வேண்டாத ஒரே வழி என்று நினைத்துத்தான் தார்ப்பாய்க்குள் கிடந்த கிளிட்டஸின் பைக்கை வெளியே உருட்டி, பழகுநர் உரிமமும் வாங்கி, தானாகவே தட்டுத்தடுமாறி ஓட்டிப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனாள்.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "காலை ஊனாம, கோட்டைத் தாண்டாம ஒரு எட்டு. அவ்வளவுதாம்மா" என்றார். பிளேவியா படித்தது சிஸ்டர்கள் நடத்திய பள்ளி. அங்கே சிற்றாலயத்துக்கு இரண்டிரண்டு பேராகப் போகும்போது கண் தரையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தவளை மதர் வரிசையிலிருந்து பிரித்து நிறுத்திவைப்பார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பிளேவியா ஒரு நாளும் நின்றதில்லை. அந்த ஒழுக்கத்தோடேயே அவள் முன்சக்கரத்துக்குக் கீழே ஓடிய வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள், கண் எடுத்தால் கோடு தப்பி ஓடிவிடும் என்பதுபோல. வளையங்கள் முட்டும் நடு இடத்தில் வண்டி சாய்ந்தது, கால் தானாக இறங்கிற்று. "அடுத்தாளு" என்றார் இன்ஸ்பெக்டர். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை அந்தக் கோடு அவள் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் விடிந்தது, பிறகுதான் இது.

தெரு முதலில் அதைக் கழுவிப் பார்த்தது. உப்புத்தண்ணீர், நல்ல தண்ணீர், செலின் மைனி வீட்டுப் பினாயில், எதற்கும் சுண்ணாம்பு கரையவில்லை. சரி, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று தெரு அதன் மேல் வாழ ஆரம்பித்தது. தண்ணீர் லாரிக்காரன், கவர்மெண்டு கோடு, டயரால் மிதித்தால் யார் பதில் சொல்வது என்று கோட்டைத் தாண்டாமல் லாரியோடு எட்டுப் போட்டு வந்து குடங்களை நிரப்பிக்கொடுத்தான். ஆடுகள் வளையத்துக்குள் ஒன்று, வளையத்துக்கு வெளியே ஒன்று என்று படுத்துக்கொண்டன. காலனியில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று எங்கேயோ கேட்டுவைத்திருந்த அத்தனை பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் வந்து நடந்தார்கள். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று அவர்களுக்குள் சண்டை வந்து, நடுவில் முட்டிக்கொண்டு, இரண்டு பேர் இன்றுவரை பேசுவதில்லை. முதல் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது பெட்டி தூக்கியவர்கள், கோடு இருக்கிறதே என்று இரண்டு வளையத்தையும் சுற்றித்தான் கல்லறைக்குப் போனார்கள். ஊரை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார் என்று மகள்களுக்கு அதில் ஒரு ஆறுதல்.

மைதானம் மொட்டையாகக் கிடந்ததால் இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்தார். கூடவே அலுவலக வாசல் புரோக்கர் பொன்ராஜும், டீ வாளிக்காரரும், உரிமம் வேண்டி நிற்கும் சனமும். "இது அரசாங்கச் சொத்தும்மா. ஒப்படைச்சிரணும்" என்றார் சங்கரலிங்கம்.

"எடுத்துட்டுப் போங்க சார். நானா கூப்பிட்டேன்?"

பொன்ராஜ் ஆட்களைக் கூட்டிவந்து அதைப் பாய்போலச் சுருட்டப் பார்த்தான். சுருட்ட ஒரு முனை வேண்டும். எட்டுக்கு முனை ஏது? நகத்தால் கீறிக் கீறி நாலு பேர் இரண்டு வளையத்தையும் சுற்றிவந்து கிளம்பிய இடத்திலேயே நின்றார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைச் செலின் மைனி வீட்டுப் பூவரச மரத்தடியில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஊரே மூன்றாம் தெருவில் எட்டுப் போட்டது. மீன் விற்கிறவர்கள் போட்டார்கள், வேதக்கோயில் உபதேசியார் போட்டார், பேங்க் மேனேஜர் ஹெல்மெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு போட்டார். எல்லோரும் தேறினார்கள். சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் பிளேவியா வண்டியை இறக்குவாள், செலின் மைனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள், நடு இடம் வரும், கால் இறங்கும்.

சந்தேகம் அப்புறம்தான் தெருவுக்குள் வந்தது. சும்மா வருமா, ஒருத்தி வாசலைத் தேடி? எலுமிச்சம்பழம் அறுத்திருப்பாள் என்றார்கள், எட்டு சனியின் எண், கப்பலில் இருக்கிறவனுக்கு ஆகாது என்றார்கள், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த திமிருக்கு மாதா கொடுத்த தண்டனை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே அவள் வாசலில் வண்டி நிறுத்தி உரிமம் வாங்கிப் போனார்கள். கிளிட்டஸ் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் பண்ணினான்.

"எட்டு வீட்டுக்கு வந்திருக்குங்காவ. யாரு கொண்டாந்தா?"

"தானா வந்திச்சு அத்தான்."

"தானா வாரதுக்கு நம்ம வீடு அதுக்கு எப்படித் தெரியும்?"

"என் பின்னாடியே வந்திருக்கும்."

கடல் இரைச்சலா லைன் இரைச்சலா தெரியாத ஒரு இரைச்சல். பிறகு, "பின்னால வந்தது எட்டு மட்டுந்தானா?" என்றான். பிளேவியா போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி கஞ்சியையா கொண்டுவந்தாள், எட்டையா பார்க்க வந்தாள் என்று நினைத்தாள். பொன்ராஜ் தன் தொழிலுக்குத் தோதாக இதை இங்கே நகர்த்தியிருப்பானோ என்று நினைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக அவள் எட்டைச் சந்தேகப்பட்டாள். உலை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து பார்ப்பாள், பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிட்டு வந்து பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அது கிட்டே வந்தது. முதலில் நடையைத் தொட்டது. பிறகு நடையேறியது. ஒரு மத்தியானம் மேல்வளையத்தின் வளைவு கதவுக்கு அடியில் நுழைந்து, சிமெண்டுத் தரையில் வெள்ளையாகச் சுழித்துக்கொண்டு, ஜோவிட்டா தூங்கும் தொட்டிலின் அடியில் நின்றது. பிளேவியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். இனி தானாகக் கற்றுக்கொள்ள முடியாது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள்.

கருவாட்டுக் களத்து மதிலில் கரித்துண்டால் எழுதியிருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள்: "பெண்களுக்கு ஆரம்ப பைக் பயிற்சி. தோற்றவர்களுக்கு மட்டும்." பார்த்த அன்றே அதைச் சந்தேகப்பட்டும் இருந்தாள். தோற்றவளைத் தேடுகிறவள் தோற்கவைக்கிறவளாகவும் இருக்கலாம் அல்லவா? பொன்ராஜும் "அவகிட்ட மட்டும் போயிராதீய தங்கச்சி" என்றான். பொன்ராஜ் வேண்டாம் என்றதால் அவளுக்கு அங்கே பாதி நம்பிக்கை வந்தது.

அங்கே சொல்லிக்கொடுத்த உலகம்மாள் பிளேவியாவின் வயதுக்காரி. பி.காம் படித்தவள், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கைகளை மடித்துவிட்டிருப்பாள். வாய் திறந்தால் முக்கால்வாசி பொய். ஒரு டேங்க் பெட்ரோலில் ராமேஸ்வரம் போய்த் திரும்பியதாக முதல் பேச்சிலேயே சொன்னாள்.

"ஏன் தோத்தவளுக்கு மட்டும்?" பிளேவியா களத்துக்குள் கால் வைக்காமல் கேட்டாள்.

"தோக்காதவளுக்கு எல்லாம் தெரியும். அவகிட்ட பேசி என் வாய்தான் வலிக்கும்."

"இதுக்கு முன்னால கத்துக்கிட்டவங்க எங்க? ஒருத்தியையும் காணோமே?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவ கருவாட்டு நாத்தத்துல வந்து ஏன் நிக்கா? போயிட்டாளுவ."

களம் பெரிய களம். மழைக்காலம் நெருங்கியதால் கருவாடு கொஞ்சமாகத்தான் காய்ந்தது. மற்றபடி வெட்டவெளி, நடுவில் ஒரே ஒரு சிமெண்டுக் கம்பம். உலகம்மாள் முதலில் இன்ஜினைத் தொடவிடவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னாள். பிறகு கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து எறும்புபோல ஊரச் சொன்னாள். ஜோவிட்டா உலகம்மாளின் இடுப்பில் உட்கார்ந்து மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்கும்போது உலகம்மாள் வண்டியைப் பார்க்கவே மாட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்று, "கியரை மாத்து, இன்ஜின் அழுவுது" என்பாள். பிள்ளையை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டுகிறவள் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாளோ என்று பிளேவியா திரும்பிப் பார்ப்பாள். திரும்பி, சட்டென்று முன்னால் பார்த்தால் கம்பம். கம்பத்தில் மோதிவிடுவோமோ என்று அதையே பார்ப்பாள், மோதுவாள்.

"ஏட்டி, இம்புட்டுக் களத்துல அந்த ஒத்தக் கம்பந்தான் உனக்குக் கிடைச்சுதா?"

மறுநாளும் கம்பம். அதற்கு மறுநாளும். களத்துப் பூனைகள் அந்த நேரத்துக்கு வந்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பழகிவிட்டன.

"பிள்ள மேல ஒரு கண்ணு, கம்பத்து மேல ஒரு கண்ணு. ரோட்டுக்குன்னு எந்தக் கண்ணை வச்சிருக்க?" என்றாள் உலகம்மாள். "நீ எதுக்குப் பயப்படுதியோ அதையே பாக்க. வண்டிக்கு உன் மனசு தெரியுமா? நீ பாக்குற இடந்தான் தெரியும்."

"பாக்கலைன்னா அது என்ன செய்யும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பம் என்ன செய்யும், உன்னைக் கட்டிக்கிடவா வரும்?"

அன்றைக்கு உலகம்மாள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கிக் களத்தை நடந்தே சுற்றிவரச் சொன்னாள். வண்டி ஓட்டுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. காய வைத்திருந்த நெத்திலியை மிதித்தாள், வலையில் தடுக்கினாள், பழைய பள்ளிக்கூட வராந்தாவில் நடப்பதுபோல, மதர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போவதாக நினைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. நிமிர்ந்த கண்ணுக்கு மதிலும், மதிலுக்கு அப்பால் உப்புக் குவியல்களும், அதற்கும் அப்பால் கடலும் தெரிந்தன. கொஞ்ச நாளில் அவள் களத்தை வண்டியில் நன்றாகவே சுற்றினாள், கம்பம் தன்பாட்டுக்கு நின்றது. ஆனால் தெருவுக்கு வந்து எட்டின் மேல் ஏறினால் போதும், நடு இடத்தில் கால் இறங்கிவிடும். இன்ஸ்பெக்டர் இப்போதெல்லாம் அவள் முறை வரும்போது டீ குடிக்கப் போய்விடுவார், பார்க்கச் சங்கடப்பட்டு.

எட்டை நேரில் பார்க்க உலகம்மாள் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். தொட்டிலுக்கு அடியில் சுழித்துக் கிடந்த கோட்டைப் பார்த்து அவள் அதிர்ந்துபோவாள் என்று பிளேவியா எதிர்பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கோலம் போடுற வேலை மிச்சம்" என்று சொல்லி, சம்மணம் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து காப்பி குடித்தாள். "ஏன் இதை முறைச்சுக்கிட்டே இருக்க? முறைச்சா நாய்கூடப் பின்னாலதான் வரும்."

இவ்வளவு சாதாரணமாக இருக்கிறாள் என்றால் இவளுக்கு ஏதோ தெரியும் என்று பிளேவியா நினைத்தாள். மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கதவில் ஒரு சங்கிலிக்கு இரண்டு சங்கிலி போட்டாள்.

மாதா தேர்த் திருநாளன்று காலனியே கோயிலுக்குப் போய்விட்டது. செலின் மைனி பட்டுச்சேலை சரசரக்க வந்து, "பூட்டிட்டு வாயேன், பிள்ளைக்குத் தேர் காட்டலாம்" என்றாள். பிள்ளைக்குச் சளி என்று பிளேவியா மறுத்துவிட்டாள். உண்மையில் கூட்டத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம். இன்ஸ்பெக்டரின் நாற்காலி மரத்தடியில் காலியாகக் கிடந்தது. உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் பூவரச இலைகள் ஒரே பக்கமாகப் புரண்டன. கச்சான்.

அவள் ஜன்னலைச் சாத்துவதற்குள் உப்புப்பொடி வந்துவிட்டது. சிறிது நேரத்தில் தொட்டிலுக்குள் விசில் கேட்டது, முதலில் தூரத்து ரயில்போல, பிறகு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ரயில்போல. மருந்தை உறிஞ்சவைத்தாள். அதற்கும் அடங்கவில்லை. ஆட்டோக்களெல்லாம் தேருக்கு ஆள் இறக்கிக்கொண்டிருந்தன. அவள் கூப்பிட்ட போனெல்லாம் அடித்து அடித்து ஓய்ந்தது. உலகம்மாளுக்கு அடித்தாள், திருநாள் மேளத்தில் அவளுக்கும் கேட்கவில்லை. ஜோவிட்டாவின் விலாவில் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது.

பிளேவியா கிளிட்டஸின் கைலியை எடுத்துப் பிள்ளையை முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். வண்டியை நடையிலிருந்து இறக்கினாள். எட்டு அவளுக்கு முன்னால் தெருவை நிறைத்துக் கிடந்தது. வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசியது. எந்தப் பக்கம் போனாலும் அதன் நடு இடத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். கண்ணாடியில் பிள்ளையின் முகம் தெரிந்தது, வாய் திறந்தபடி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த முகத்துக்குள்தான் போவோம் என்றும் தெரிந்தது. அவள் இரண்டு கண்ணாடிகளையும் வெளிப்பக்கம் திருப்பிவிட்டாள். கிளட்சைப் பாதி விட்டாள்.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மர், அதற்குமேல் ஒரு காகம், அதற்குமேல் வானம். அவள் அதைப் பார்த்தாள். கீழே கோடு ஓடுவது தெரிந்தது, காலைப் பிடிக்க ஒரு நாய் கூடவே ஓடிவருவதுபோல. கால் இறங்கப் பார்த்தது. முதுகுத்தண்டில் பிள்ளையின் விசில், விட்டு, விட்டு, நீண்டு. அது கேட்கிற வரைக்கும் அது இருக்கிறது, பார்க்க வேண்டாம், கேட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நடு இடம் வந்ததா போனதா என்று தெரியாமல், தெருமுனைக்கு வந்து, அங்கிருந்து உப்பளச் சாலையின் கடைசியைப் பார்த்து, சாலையின் கடைசியிலிருந்து பாலத்தின் உச்சியைப் பார்த்து, பாலத்தின் உச்சியிலிருந்து ஆஸ்பத்திரியின் சிவப்புச் சிலுவையைப் பார்த்து, பார்க்கும் இடத்துக்கெல்லாம் வண்டி போய்ச் சேர, பிளேவியா போனாள்.

நர்ஸ் பிள்ளையின் முகத்தில் மருந்துப்புகை மாஸ்க்கை வைத்து, "யாரும்மா கூட்டிட்டு வந்தது? கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. நான்தான்."

"வேர்த்துக் கொட்டுது, உக்காருங்க."

உட்கார்ந்தாள். மடியில் ஜோவிட்டாவின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது, பிறகு தூக்குவது குறைந்தது, பிறகு விசில் ஒரு கொசுவின் அளவுக்கு மெலிந்தது. உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை மாஸ்க்கைப் பிடித்து இழுக்கப் பார்த்தது, நர்ஸ் அதன் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

வாட்ச்மேன் வாசல் திரையை விலக்கித் தலையை நீட்டினார். மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தக் கறுப்பு பைக்கு யாருது? உங்களுதா? வண்டியை எடுங்கம்மா மொதல்ல. கீழ முற்றம் பூரா வெள்ளையா என்னமோ கோடு வந்து கிடக்கு. ஆம்புலன்ஸ்காரன் மிதிக்க மாட்டேங்கான், சுத்திச் சுத்தி வாரான். வந்து பாருங்க."

பிளேவியா மாஸ்க்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "என்னுதுதான்" என்றாள். "மருந்து முடியட்டும், வாரேன்."

"இல்ல, வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிருங்கம்மா. என்னன்னே தெரியல..."

அவள் திரும்பவில்லை. பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க பாருங்கண்ணே" என்றாள்.